கன்சோலா, கேமிங் பிசியா: டெராஃபிளாப்ஸ் கணக்கு ஏன் உதவாது

பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28 டெராஃபிளாப்ஸ். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12.15. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏறத்தாழ 15. இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்து, கார்டு ஒன்றரை மடங்கு வேகம் என்று முடித்துவிடும் ஒப்பீடுகள் ஏராளம். அவற்றை நம்பிப் பணம் போடுகிறவர்களும் ஏராளம்.

அந்த எண் எதைச் சொல்கிறது? ஒரு நொடியில் எத்தனை தசமக் கணக்குகளைப் போட முடியும் என்ற காகித உச்சத்தை மட்டும். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 13.4 டெராஃபிளாப்ஸ், ஆர்டிஎக்ஸ் 3070 20.3. கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். காரணம் எளிது. என்விடியா தன் 30 வரிசையில், முன்பு முழு எண் கணக்குக்கு மட்டுமே இருந்த பாதையைத் தசமக் கணக்குக்கும் திறந்துவிட்டது. அதே அளவு வன்பொருளுக்குக் காகிதத்தில் எண் இரட்டிப்பானது. ஆனால் எந்த கேமிலும் முழு எண் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. அது வரும்போதெல்லாம் அந்தப் பாதை அதற்கே போய்விடுகிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியிலும் இதே கதைதான். ஆர்எக்ஸ் 6650 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 7600 இரண்டிலும் 32 கம்ப்யூட் யூனிட்கள், அதாவது கணக்குப் போடும் தொகுதிகள். முன்னதற்கு 10.8 டெராஃபிளாப்ஸ், பின்னதற்கு 21-க்கு மேல். விளையாடிப் பார்த்தால் வித்தியாசம் சில சதவீதத்தைத் தாண்டாது.

ஆகவே கன்சோலுக்கு இணையான கார்டைத் தேடுகிறவர்கள் ஒரே கட்டமைப்பில் தேட வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் இருப்பது ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ 2 என்ற சிப் கட்டமைப்பைச் சேர்ந்த 36 கம்ப்யூட் யூனிட்கள், அதிகபட்சம் 2.23 கிகாஹெர்ட்ஸ். பிசி உலகில் அதற்கு மிக அருகில் நிற்பது 36 யூனிட் கொண்ட ஆர்எக்ஸ் 6700. எக்ஸ்டி என்ற ஒட்டு இல்லாதது. அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. கார்டின் மெமரி வேகம் நொடிக்கு 320 ஜிபிதான், கன்சோலில் 448. ஆனால் கன்சோலின் 448-ஐ சிபியுவும் பங்கு போட்டுக்கொள்கிறது. கார்டில் சிப்புக்குள்ளேயே 80 எம்பி அதிவேக மெமரி (இன்ஃபினிட்டி கேஷ்) இருக்கிறது, கன்சோலில் அது கிடையாது. கூட்டிக் கழித்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. என்விடியா பக்கம் சொல்ல வேண்டுமானால் ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர் வட்டாரம்.

சீரிஸ் எக்ஸ் காகிதத்தில் 18 சதவீதம் முன்னால் நிற்கிறது. பெரும்பாலான கேம்களில் அந்த 18 கண்ணுக்குத் தெரிவதில்லை. அதில் 52 யூனிட்கள், ஆனால் 1.825 கிகாஹெர்ட்ஸ்தான்; முக்கோணங்களைப் பிக்சல்களாக்கும் பகுதி போன்ற சில வேலைகளுக்கு யூனிட் எண்ணிக்கையைவிடக் கடிகார வேகமே முக்கியம். மெமரியும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: 10 ஜிபி வேகமானது, 6 ஜிபி மெதுவானது.

அட்டைப்பெட்டியில் உள்ள 4கே

4கே என்றால் 82,94,400 பிக்சல்கள். 1440பி என்றால் 36,86,400. அதில் பாதிகூட இல்லை. 1080பி சரியாகக் கால் பங்கு. கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் மோட் என்ற பெயரில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது, உள்ளே வரையப்படுவது பல கேம்களில் 1080பிக்கும் 1440பிக்கும் இடையில்தான். காட்சி கனமானால் அதற்கும் கீழே இறங்கும். பிறகு எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலர் அதை 4கே ஆக ஊதிக் காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பொறியியல் சமரசம்தான். ஆனால் இதை மறந்துவிட்டு, பிசியில் நேட்டிவ் 4கே (அப்ஸ்கேலர் இல்லாமல் முழு 4கே), எல்லா செட்டிங்கும் அல்ட்ரா என்று வைத்து, "கார்டு 35 ஃபிரேம்தான் தருகிறது, கன்சோல் 60 தருகிறது" என்று சொல்வது ஒப்பீடே ஆகாது.

நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் பிசியைக் கன்சோலின் உயரத்துக்கு இறக்க வேண்டும். ஒரே கேம், ஒரே அப்டேட், ஒரே இடம். வெளியீட்டை 4கே-யில் வைத்து அப்ஸ்கேலரைப் பேலன்ஸ்டு அல்லது பெர்ஃபார்மன்ஸில் விடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் என்றால் உள்ளே 1080பி, குவாலிட்டி என்றால் 1440பி. டெக்ஸ்சரை, அதாவது பரப்புகள் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை, மேலேயே வையுங்கள். கன்சோல்களும் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கின்றன, மெமரி போதுமானால் அது ஃபிரேமைத் தின்னாது. நிழல், பனிமூட்டம் போன்ற வால்யூமெட்ரிக் விளைவுகள், ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷன், புல்வெளி அடர்த்தி ஆகியவற்றை மீடியத்துக்கும் ஹைக்கும் இடையில் நிறுத்துங்கள். அல்ட்ராவிலிருந்து ஹைக்கு வந்தாலே பல கேம்களில் கணிசமான வேகம் கிடைக்கும். அசையும் காட்சியில் அந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டச் சொன்னால் பலரும் திணறுவார்கள். சாய்ந்த பரப்புகளைத் தெளிவாக்கும் அனைசோட்ரோபிக் ஃபில்டரிங்கை மட்டும் 16எக்ஸில் வைத்துவிடுங்கள். கன்சோல்கள் பல சமயம் இதில் கஞ்சத்தனம் காட்டும். தூரத்துத் தரை கலங்கலாகத் தெரிவது அதனால்தான். இன்றைய கார்டுகளுக்கு அது சுமையே இல்லை.

பிறகு சராசரி எஃப்பிஎஸ்ஸைப் பார்க்காதீர்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் அல்லது ரிவாட்யூனர் போன்ற அளக்கும் மென்பொருள் கொண்டு ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாருங்கள். 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் 15 மில்லிசெகண்டில் வந்து, ஒன்று மட்டும் 100 எடுத்தால், சராசரி ஏறக்குறைய 60 என்றே காட்டும். கன்ட்ரோலரைக் கையில் வைத்திருப்பவருக்குக் காட்சி திக்கென்று நிற்கும். இந்த ஓர் அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டால் மீதி விவாதத்தில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

கன்சோல்களில் வந்த 40 ஃபிரேம் மோடின் அருமையும் இந்தக் கணக்கில்தான் தெரியும். 30 என்றால் 33.3 மில்லிசெகண்ட், 60 என்றால் 16.7. நட்டநடுவில் நிற்பது 25, அதாவது 40 ஃபிரேம். பெயரளவில் 10 ஃபிரேம் கூடுதல். உணர்வில் பாதித் தூரம் வந்தாயிற்று. 120 ஹெர்ட்ஸ் திரை மட்டும் அவசியம், ஏனெனில் 120-ஐ 40 சரியாக வகுக்கும், 60-ஐ வகுக்காது.

சிபியுவும் மெமரியும்

இந்தத் தலைமுறைக் கன்சோல்களின் பலவீனம் கிராஃபிக்ஸில் இல்லை, சிபியுவில் இருக்கிறது. ஏஎம்டியின் ஜென் 2 என்ற சிபியு கட்டமைப்பில் எட்டு கோர்கள், பிளேஸ்டேஷன் 5-இல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை, சீரிஸ் எக்ஸில் 3.8 வரை. ஒரே ஜென் 2 குடும்பத்தைச் சேர்ந்த ரைசன் 7 3700எக்ஸில் சிபியுவுக்கு உள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் மெமரி 32 எம்பி. கன்சோல்களில் 8 எம்பி. போதாக்குறைக்கு, கன்சோலின் ஜிடிடிஆர்6 மெமரி அகலப் பாய்ச்சலுக்கு உகந்தது; சிபியு விரும்பும் உடனடி பதிலுக்கு உகந்ததல்ல. அதனால் ஆறே கோர் கொண்ட ரைசன் 5 5600கூட கேம்களில் கன்சோல் சிபியுவைத் தாராளமாகத் தாண்டிவிடும். பிசி பட்ஜெட்டில் மிகக் குறைந்த காசில் கிடைக்கும் வெற்றி இதுதான்.

ஸ்டார்ஃபீல்டு கேம் 2023 செப்டம்பரில் வந்தபோது சீரிஸ் எக்ஸில் 30 ஃபிரேமில் பூட்டப்பட்டிருந்தது. 2024-இல்தான் 60-க்கான வழி வந்தது. 2024-இல் வந்த டிராகன்ஸ் டாக்மா 2-இல் நகரத்துக்குள் நுழைந்தால் நல்ல பிசிகளே தள்ளாடின. ஊரில் நடமாடும் ஒவ்வொரு பாத்திரத்தையும் சிபியு கணக்கிட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. சோதிப்பதும் சுலபம்: 720பிக்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை அசையவில்லை என்றால் முட்டுவது சிபியுவில். புது கார்டு வாங்கினாலும் அங்கேயே நிற்கும்.

பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை எடை போடும்போதும் இது நினைவிருக்கட்டும். 2024 நவம்பரில் வந்த அதில் 60 கம்ப்யூட் யூனிட்கள், நொடிக்கு 576 ஜிபி மெமரி வேகம், பிஎஸ்எஸ்ஆர் என்ற சொந்த அப்ஸ்கேலர் எல்லாம் உண்டு. வரையும் வேகம் 45 சதவீதம் வரை கூடுதல் என்பது சோனியின் கணக்கு. சிபியு மட்டும் அதே ஜென் 2; கூடுதல் வேக மோடில் 10 சதவீதம் ஏறும், அவ்வளவுதான். கிராஃபிக்ஸில் முட்டிய கேம் ப்ரோவில் தெளிவாகும். சிபியுவில் முட்டி 30-இல் நின்ற கேம் பெரும்பாலும் 30-இலேயே நிற்கும்.

மெமரியில் நிலைமை தலைகீழ். கன்சோலில் இருப்பது 16 ஜிபி, சிபியுவுக்கும் கிராஃபிக்ஸுக்கும் பொது. சீரிஸ் எக்ஸில் அதில் 13.5 ஜிபி கேமுக்கே. டெக்ஸ்சர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிசியில் 16 ஜிபி ரேமும் 8 ஜிபி கார்டும் சேர்த்தால் 24 என்று கூட்டத் தோன்றும். கூட்டக் கூடாது. கார்டின் 8 நிரம்பிய பிறகு மிச்சம், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக ரேமிலிருந்து வர வேண்டும். அது பல மடங்கு மெதுவான பாதை. விளைவு இரண்டில் ஒன்று: ஒன்று பிம்பங்கள் களிமண் பூசியதுபோல் மங்கலாகவே நிற்கும், அல்லது திரும்பும்போதெல்லாம் வெட்டும். 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1-இல் 8 ஜிபி கார்டுக்காரர்கள் இதை நன்றாக அனுபவித்தார்கள்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 16 அல்ல, 8 பிசிஐஇ தடங்கள்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு வெறும் 4 தடங்களும் 4 ஜிபியும். பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் இவற்றைச் செருகினால் பாதையின் அகலம் இன்னும் பாதியாகும். பழைய பிசிக்குப் புத்துயிர் தரத்தான் மலிவு கார்டு வாங்குவார்கள். மலிவு கார்டு அதிகமாக அடி வாங்குவதும் அந்தப் பழைய பிசியில்தான். என் தீர்ப்பு: கன்சோலுக்கு மாற்றாக இன்று கார்டு வாங்கினால் 12 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். 8 ஜிபி கார்டு 1080பி போட்டி கேம்களுக்கு மட்டும்.

திணறல்

கன்சோலின் மதிப்பை டெராஃபிளாப்ஸ் பட்டியல் முற்றிலும் தவறவிடும் இடம் இது. ஷேடர் என்பது ஒவ்வொரு பரப்பும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல். ஒரு கன்சோல் மாடலின் எல்லாக் கருவிகளிலும் கிராஃபிக்ஸ் சிப் ஒரே வகைதான் என்பதால், அதற்கான இறுதி வடிவத்தைக் கேமோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று முன்கூட்டித் தெரியாது. உங்கள் கணினியிலேயே அதைத் தொகுக்க வேண்டும். விளையாட்டின் நடுவில் முதன்முறையாக ஒரு வெடிப்பு வரும்போது அந்தத் தொகுப்பு நடந்தால், 16.7 மில்லிசெகண்டில் முடிய வேண்டிய ஃபிரேம் 100, 200 என்று இழுக்கும். கார்டு எவ்வளவு விலையுயர்ந்தது என்பது இங்கே பொருட்டே இல்லை. ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பிசிக்கு அதைத் தயாரிக்கும் வால்வ் முன்தொகுத்த ஷேடர்களை அனுப்ப முடிவதும் இதே காரணத்தால்தான்: அங்கேயும் சிப் ஒன்று.

முதல் முறை கேமைத் திறக்கும்போது ஷேடர் தொகுப்புப் பட்டை ஓடினால் அது முடியும்வரை பொறுங்கள். தவிர்த்துவிட்டு உள்ளே போகாதீர்கள். டிரைவரை மாற்றினால் அந்தச் சேமிப்பு செல்லாது, மறுபடி ஓடும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி அல்லது அதற்கு மேல் வைப்பது நல்லது. அன்ரியல் எஞ்சின் கேம்களில் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும்போது வரும் திணறல் வேறு வகை. உலகத்தின் அடுத்த துண்டை ஏற்றும்போது வருவது. அதற்கு உங்கள் பக்கம் மருந்து கிடையாது, கன்சோலிலும் அது எட்டிப் பார்க்கும்.

பிசி தெளிவாக ஜெயிக்கும் இடம்

ஒரே உள் ரெசல்யூஷனில் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2-ஐயும் என்விடியாவின் அப்ஸ்கேலரான டிஎல்எஸ்எஸ்ஸையும் அருகருகே வைத்தால், இலை, முடி, தீப்பொறி, கம்பிவேலி ஆகியவற்றில் எஃப்எஸ்ஆர் 2 நுரைபோல் மினுமினுப்பது தெரியும். டிஎல்எஸ்எஸ் அதற்கென்றே உள்ள வன்பொருளில் ஓடுகிறது. 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்குக்கூட 2025-இல் வந்த புதிய டிஎல்எஸ்எஸ் மாதிரி கிடைத்தது. எனவே ஃபிரேம் எண்ணிக்கையில் சமமாக நிற்கும் என்விடியா கார்டும் படத்தரத்தில் ஒரு படி மேலே நிற்கும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்தது. அது ஆர்எக்ஸ் 9000 வரிசைக்காக வந்தது.

ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கில் இடைவெளி இன்னும் பெரிது. ஆர்டிஎன்ஏ 2-இல் கதிர் எதில் மோதுகிறது என்பதைச் சோதிக்க மட்டுமே தனி வன்பொருள். காட்சியைப் பெட்டிகளாகப் பிரித்து, கதிரை அவற்றுக்குள் துரத்தும் வேலை சாதாரண ஷேடர்களின் தலையில். என்விடியாவில் இரண்டுமே வன்பொருளில். சைபர்பங்க் 2077 கேமின், ஒளி முழுவதையும் கதிர்களாலேயே கணக்கிடும் பாத் டிரேசிங் மோட் 2023 ஏப்ரலில் பிசிக்கு வந்தது. கன்சோலில் அது இல்லை. அதை அனுபவிக்கத் தேவைப்படும் கார்டு ஒரு கன்சோலின் விலையை எளிதில் தாண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடையில் செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 40-ஐ 80 ஆகக் காட்டும்; கையின் அசைவுக்கு வரும் பதில் 40-இன் வேகத்திலேயே, இன்னும் சொன்னால் கொஞ்சம் தாமதமாகவே வரும். ஏற்கெனவே 60 கிடைக்கும் இடத்தில் அது நல்ல மெருகு. 30-ஐக் காப்பாற்ற அது உதவாது.

காசுக் கணக்கு

கன்சோல் விலையில் பிசி என்று வரும் பட்டியல்களில் எதை விட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸ், கன்ட்ரோலர், கீபோர்டு, மவுஸ், மானிட்டர், சில சமயம் கேபினட் ஃபேன்கூட விடுபட்டிருக்கும். அல்லது பாதிப் பாகங்கள் பழையவையாக இருக்கும். புதிய பாகங்களை மட்டும் வைத்து, எதையும் விடாமல் கூட்டினால், அடிப்படைக் கன்சோலின் விலையில் அதற்கு நிகரான பிசி வராது. கன்சோலை மெலிந்த லாபத்திலோ நட்டத்திலோ விற்று, கேம் விற்பனையின் பங்கிலும் சந்தாவிலும் மீட்கிறார்கள். பிசி பாகம் விற்பவருக்கு அந்த வழி இல்லை.

ஆகவே வாங்கும் நாளின் விலையை ஒப்பிடாமல் ஐந்து ஆண்டுச் செலவை ஒப்பிடுங்கள். கருவியின் விலை, அதோடு ஆண்டுச் சந்தாவை ஐந்தால் பெருக்கியது, வாங்கப்போகும் கேம்களின் எண்ணிக்கையைச் சராசரி விலையால் பெருக்கியது, மின்சாரம். இதிலிருந்து கடைசியில் விற்றால் கிடைப்பதைக் கழியுங்கள். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் பலரோடு ஆட இரண்டு கன்சோல்களிலும் சந்தா வேண்டும். இலவச கேம்களுக்கு வேண்டாம். பிசியில் எதற்கும் வேண்டாம். ஐந்து ஆண்டுச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால் பலருக்கு அதுவே ஒரு நல்ல கார்டின் பெரும்பகுதியாக நிற்கும். மறுபக்கம், டிஸ்க் வாங்கி முடித்துவிட்டு விற்கும் பழக்கம் உள்ளவருக்குக் கன்சோல் ஆச்சரியமான அளவு மலிவு. டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் அந்தக் கதவு மூடிவிடும். ப்ரோவிலும் டிஸ்க் டிரைவ் உடன் வராது, தனியாக வாங்க வேண்டும்.

மின்சாரத்தைப் பெரிதாகப் பேசுகிறார்கள். பிளேஸ்டேஷன் 5 கனமான கேமில் 200 வாட் சுற்றி இழுக்கிறது. 350 வாட் இழுக்கும் பிசியோடு ஒப்பிட்டால், தினம் இரண்டு மணி நேரத்துக்கு ஆண்டுக்கு 110 யூனிட் வித்தியாசம். 115 வாட் மட்டும் குடிக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டு என்றால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

"ஒரு வருடம் பொறுத்தால் கன்சோல் விலை குறையும்" என்ற பழைய விதி இந்தத் தலைமுறையில் செத்துவிட்டது. சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் விலையை ஏற்றவே செய்தன. பிசிக்காரர்களும் சிரிக்க முடியாது. 2025-இன் இறுதியில் ரேம் விலை ஏறிய ஏற்றம் பல பட்ஜெட்டுகளைக் கவிழ்த்தது.

கணக்கை அடியோடு மாற்றுவது ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே ஒரு டெஸ்க்டாப் தேவையா என்பது. படிப்புக்கோ வேலைக்கோ எப்படியும் பிசி வாங்கப்போகிறவர் கேமுக்காகக் கொடுப்பது கார்டின் விலையையும், சற்றுப் பெரிய பவர் சப்ளையின் விலையையும் மட்டுமே. அப்போது கன்சோல்தான் கூடுதல் செலவு. ஆனால் அலுவலக டெஸ்க்டாப்பில் கார்டு செருகும் எண்ணம் இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். பல பிராண்டு டெஸ்க்டாப்களில் பவர் சப்ளை வழக்கமான 24 பின் வகையாக இருக்காது, மாற்ற முடியாது; கார்டுக்கான 8 பின் வயரும் இருக்காது. ஸ்லாட் மட்டும் தரக்கூடியது 75 வாட். மெல்லிய கேபினட்டாக இருந்தால் முழு உயரக் கார்டு உள்ளேயே போகாது. நான்கு கோர் பழைய சிபியு என்றால் கார்டு வாங்கிய பலனில் பாதி வீண்.

பிசி கட்டிய பிறகும் வேகம் வரவில்லை என்று புலம்புவோரின் பிசியில் முதலில் பார்க்க வேண்டியவை சில. மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா. ரேம் ஒற்றைக் குச்சியா, ஜோடியா. ஜோடி என்றால் சரியான இரண்டு ஸ்லாட்களில்தானா. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ பயாஸில் இயக்கப்பட்டதா. விண்டோஸில் திரை இன்னும் 60 ஹெர்ட்ஸிலேயே கிடக்கிறதா. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஆண்டுக்கணக்கில் 60-இல் ஓட்டுகிறவர்கள் நிறைய.

கன்சோல் பக்கத்தில் எதிர்பாராமல் வரும் செலவு சேமிப்பிடம். முதல் பிளேஸ்டேஷன் 5-இன் 825 ஜிபியில் கேமுக்குக் கிடைப்பது 667. உள்ளே எம்.2 எஸ்எஸ்டி சேர்க்கலாம்: பிசிஐஇ 4.0, நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல், ஹீட்சிங்க் கட்டாயம், மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். ஹீட்சிங்க் தடிமனாக இருந்தால் மூடி மூடாது. எக்ஸ்பாக்ஸில் அதற்கென்றே செய்த கார்டு மட்டும்தான்; சாதாரண எஸ்எஸ்டியைவிட விலை கூடுதல்.

கடைசியாக டிவி. பிளேஸ்டேஷன் 5-இன் விஆர்ஆர் (ஃபிரேம் வரும் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வது) 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையில்தான் வேலை செய்யும். கேம் தானே ஈடுகட்டாவிட்டால் 48-க்குக் கீழே போனதும் வெட்டு தெரியும். பிசி மானிட்டர்களில் உச்ச ஹெர்ட்ஸ் அடிமட்டத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால், டிரைவரே ஃபிரேமை இரட்டித்து அந்தப் பள்ளத்தை மறைத்துவிடும். 4கே 120-க்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், பல டிவிகளில் இருக்கும் நான்கு போர்ட்டில் ஒன்றோ இரண்டோதான் அப்படிப்பட்டது, அதையும் மெனுவில் போய் இயக்க வேண்டும். வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் டிவி என்றால் 40 ஃபிரேம் மோட், விஆர்ஆர், 120 மூன்றும் பெரும்பாலும் பயன்படாது. அந்த நிலையில் ப்ரோவுக்கும் பெரிய கார்டுக்கும் முன்னால் மாற்ற வேண்டியது திரையைத்தான். அடிப்படைக் கன்சோலை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைத் திரையில் போடுங்கள்.